டேங்க் புத்தகங்களும் பென்சிலில் எழுதிய ஒரு தேதியும்

பாப்பாரப்பட்டி வழி,
தருமபுரி மாவட்டம்,
12-10-1986, ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்.

பெங்களூரில் குடும்பத்தோடு வாழும் அன்பு மருமகன் இஞ்ஞாசிக்கு, தாய்மாமன் கஸ்பார் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம் என்று எழுதத் தொடங்கி, பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் விசாரித்தேன். அக்காவுக்கு வலது முட்டியில் வலி, இடது முட்டியில் வலி இல்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து சளி. ஆகவே இரண்டு பேரும் ஏறக்குறைய நலம். நீயும் புஷ்பமேரியும் பிள்ளைகளும் முழு நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. "பசிபிக் தீவுகளில் அமெரிக்க மரீன் படை கடலிலிருந்து டேங்க் இறக்கிப் போட்ட சண்டைகளைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருக்கிறீர்கள். அப்பா காணாமல் போனது அதில் எந்தச் சண்டையில் என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டும். எதைப் படிக்கலாம், எந்த வரிசையில் படிக்கலாம் என்று எழுதுங்கள் மாமா" என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். ஆனால் எதையும் முதலிலிருந்து சொல்வது என் பழக்கம். முப்பத்தெட்டு வருஷம் நிருபராக இருந்தவனுக்குப் பாதியில் தொடங்க வராது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் அப்பா யாகப்பன், என் மச்சான், 1940-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1941 ஆகஸ்டில் கப்பலேறினார். அப்போது நீ அக்கா வயிற்றில் நாலு மாதம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரர்களிடம் கைதியானார். மறு வருஷம் கைதிகளில் ஒரு பகுதியைக் கப்பலில் அடைத்து, மூட்டை தூக்கவும் குழி வெட்டவும் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். அதில் அவரும் இருந்தார். கடத்தூர் வெங்கடாசலமும் இருந்தார். 1946-ல் வெங்கடாசலம் மட்டும் ஊருக்குத் திரும்பினார். நான் அவரைத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பேசினேன். பத்திரிகையில் சேர்ந்து எனக்கு அன்றைக்குப் பதினோராவது நாள். தீவில் விடாத மழை, கடலுக்குள்ளிருந்து டேங்க் ஏறி வந்தது, கைதிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், அதற்குப் பிறகு மச்சானைப் பார்க்கவில்லை. இதுதான் அன்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்த சேதி. எந்தத் தீவு, என்ன தேதி என்பது அதில் இல்லை. பிறகு ஒரு நாள் கடத்தூர் சந்தையில் அக்காவே வெங்கடாசலத்தைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்கம்மா, டேங்கு வந்துதுங்க" என்றாராம். 1951-ல் அவரும் போய்விட்டார். இனி அவரைக் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை.

இந்த நாற்பது வருஷமும் உன் அம்மா தாலியைக் கழற்றவில்லை, பூ வைப்பதை விடவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும்போது இவள் மட்டும் அடுத்த ஊரிலிருந்து விருந்துக்கு வந்தவள் மாதிரி வாசலோரம் நிற்பாள். யாராவது "நீயும் ஒண்ணு ஏத்துக்கா" என்றால், "எங்கூட்டுக்காரரு இன்னும் இங்க வரலியேம்மா" என்பாள். போன ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு மறுநாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள். 

"கஸ்பாரு, எனக்கு அறுவத்தஞ்சு முடியுது. நான் போறதுக்குள்ள அவர அனுப்பி வெச்சிரணும்டா. நான் மேல போயி அவர அங்க காணாம, அவரு இன்னும் எந்தத் தீவுலயோ நின்னுக்கிட்டு இருந்தா என்னா பண்றது? இந்த வருசம் கல்லறைப் பூசையில அவரு பேரயும் சேத்துப் படிக்கச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். அங்கேதான் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் செபாஸ்டின் குறுக்கே வந்தார். அவரிடம் இறந்தோர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. பெயர், வயது, இறந்த தேதி, சாகுமுன் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் பெற்றாரா என்று நாலு கட்டம். அதில் ஏறாத பெயரைப் பீடத்தில் படிக்க மாட்டார்கள். 

"தேதிக் கட்டம் காலியா இருக்கக் கூடாதுங்க. மேல இருந்து வந்து பாத்தா என்னையத்தான் கேப்பாங்க" என்றார் செபாஸ்டின். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் ஒரு தேதியச் சொல்லுங்களேன், போட்டுக்கறேன். ஆண்டவருக்குத் தெரியாதுங்களா எதுன்னு?" என்றார். 

"ஆண்டவருக்குத் தெரியும். ஆனா எழுத்துல நிக்கப்போறது உங்க பதிவேட்டுல" என்றேன். உறுதி செய்யாத தேதியை நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை, இனியும் கொடுக்கமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் அக்கா, "இந்த ஜில்லாவுல செத்தவன் அத்தன பேருக்கும் தேதி போட்டு பேப்பர்ல எழுதுனியே, உம்மச்சானுக்கு ஒண்ணு போடக் கையி வரலியா?" என்றாள். நான் அலமாரியைத் திறந்து புத்தகங்களை எடுத்தேன். இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் நீ படிக்க வேண்டியது மாவட்ட நூலகத்தில் உள்ள சிவப்பு அட்டைப் புத்தகம். யுத்தம் முழுவதையும் படத்தோடு சொல்வது. டேங்க் பற்றி மொத்தம் ஒன்பது பக்கம்தான், ஆனால் வரைபடம் நன்றாக இருக்கிறது. எந்தத் தீவு எதற்கு எத்தனை மைல் என்று தெரியாமல் மற்றதைப் படிப்பது, தொப்பூர் கணவாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் லாரி விபத்துச் செய்தி படிப்பது போல. அடுத்தது அட்டையும் முதல் பதினாறு பக்கமும் இல்லாத தடித்த புத்தகம். பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் நீயே வாங்கிக் கொடுத்தது. எழுதியவர் பெயர் அந்தப் பதினாறு பக்கத்தோடு போய்விட்டது. டேங்க்குக்குள் உட்கார்ந்து சண்டை போட்டவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. மற்றவர்கள் "பல டேங்குகள்", "கடும் சேதம்" என்று எழுதுகிற இடத்தில் இவர் எத்தனை, எந்தப் பக்கமாகப் போனது, யார் ஓட்டினார், எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுகிறார். விபத்துச் செய்தி எழுதத் தெரிந்த மனிதர். அவரை நம்பிப் படிக்கலாம். ஆனால் 112-ஆம் பக்கத்திலிருந்து 130 வரை உனக்கு வேண்டாம். அது அமெரிக்கர்கள் இறங்காமலே சுற்றிக்கொண்டு போய்விட்ட ஒரு ஊரைப் பற்றியது. அங்கே டேங்க் கிடையாது, சும்மா கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மூன்றாவது, நீல அட்டை போட்ட சிறு புத்தகம். டேங்க்கின் எடை, தகட்டின் கனம், எவ்வளவு ஆழத் தண்ணீரில் ஓடும் என்று வெறும் கணக்கு. ஒரு டேங்க் முப்பது டன்னுக்கு மேல் இருக்கிறது. அதைத் தண்ணீரில் இறக்கத் துணிந்தவர்களை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மூன்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்காவுக்குத் தமிழில் சொல்லிவந்தேன். அதுதான் வினையாயிற்று. தராவா என்று ஒரு தீவு. 1943 நவம்பர் 20. சுற்றிலும் பவளப்பாறை, அன்று கடல் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை, படகுகள் பாறையில் தட்டி நின்றன. டேங்குகளைப் பாறை விளிம்பிலேயே இறக்கிவிட்டார்கள். தண்ணீருக்கடியில் குண்டு விழுந்த பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், டேங்க்குக்கு முன்னால் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்ப் பள்ளத்தைக் கண்டுபிடித்துக் கொடி நட்டார்கள். நட்டவர்களைக் கரையிலிருந்து சுட்டார்கள். அப்படியும் ஒரு டேங்க் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இதைச் சொன்னதும் அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதுக்குள்ள எத்தினி பேரு?"

"அஞ்சு பேர் இருப்பாங்க."

"சன்னல் இருக்குமாடா?"

"சன்னல் இல்லக்கா. மேல ஒரு மூடி."

மறுநாள் காலை முட்டி வலியோடு கோயிலுக்கு நடந்துபோய், அந்த ஐந்து பையன்களுக்காக ஒரு பூசைக்குக் கேட்டிருக்கிறாள். செபாஸ்டின் பதிவேட்டைத் திறந்து, "பேரு என்னாங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அது தெரியாது. நவம்பர் இருவது. தண்ணிக்குள்ள போனது" என்றிருக்கிறாள். செபாஸ்டின் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாராம். "அம்மா, இவங்களுக்குத் தேதி இருக்கு, பேரு இல்ல. உங்க வூட்டுக்காரருக்குப் பேரு இருக்கு, தேதி இல்ல. ரெண்டயும் சேத்து ஒரே வரியா எழுதிட்டா கட்டமெல்லாம் நெறஞ்சிருமுங்களே" என்றாராம். வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "அவரு அந்தப் புள்ளைங்களோட இருந்தா எனக்கு ஒண்ணும் இல்லடா. ஆனா அவருக்கு இங்கிலீசு தெரியாதே" என்றாள்.

பூசை விஷயம் பங்குச் சாமியார் காதுக்குப் போய், அவர் தடித்த புத்தகத்தை ஒரு நாளைக்கு என்று வாங்கிப்போனார். மூன்று வாரம் கழித்துப் பிரசங்கத்தில் திருப்பிக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தார் என்றால், அதில் இருந்த முழுவதையும். அருள் என்பது கடல் ஏற்றம் போன்றது, அது ஏறாத நாளில் எவ்வளவு பெரிய டேங்க்கும் பாறையில் நிற்கும் என்று தொடங்கி, பெலெலியு தீவின் விமான மைதானத்தில் இரண்டு பக்க டேங்குகளும் எதிரெதிரே வந்தது வரை முப்பத்தைந்து நிமிஷம். கையால் பீடத்தின் மேல் வரைபடமே போட்டுக் காட்டினார். நிலக்கடலை பிடுங்குகிற நாள், ஜனங்களுக்கு வயலுக்குப் போக வேண்டும். பூசை முடிந்து வெளியே வரும்போது லூர்து மேரி என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணா, கடைசியா யாரு செயிச்சாங்க? சாமி அத மட்டும் சொல்லாமயே வுட்டுட்டாரே" என்றாள். 

இவ்வளவுக்கும் நடுவில் நான் என் வேலையைச் செய்தேன். தீவு தீவாகக் கழித்தேன். தராவாவில் ஜப்பான்காரர்கள் வேலை வாங்கியது கொரியாக்காரர்களை. ஆகவே இல்லை. ஐவோ ஜிமாவில் கரை முழுவதும் எரிமலைச் சாம்பல், டேங்க் சக்கரம் புதைந்து நின்றது, ஆனால் நம் கைதிகள் அங்கே இருந்ததாக ஒரு வரியும் இல்லை. மிச்சம் நின்றது நியூ பிரிட்டன் என்ற பெரிய தீவு. அங்கே இந்தியக் கைதிகள் இருந்தார்கள். 1943 டிசம்பர் 26 அன்று அதன் மேற்குக் கோடியில் மரீன் படை இறங்கியது. மழைக்காலம், முழங்கால் சேறு, டேங்க் அந்தச் சேற்றில்தான் ஏறிப் போயிற்று. மழை பொருந்துகிறது. டேங்க் பொருந்துகிறது. போன புதன்கிழமை செபாஸ்டினிடம் அந்தத் தேதியைச் சொன்னேன். மையில் எழுத வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள் என்றேன். பென்சிலைச் சீவி எழுதிக்கொண்டு, "ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தேதி சொன்னீங்க, அதுவும் பென்சில்லயா?" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "இருவத்தாறுன்னா, கிறிஸ்மசுக்கு மறுநாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப கிறிஸ்மஸ் பாத்துட்டுத்தான் போயிருக்காரு. அது போதும்டா எனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து பாலன் பிறந்த பாட்டு கேட்டது. அக்டோபர் மாதத்தில். இந்த வருஷத்திலிருந்து பலகாரத்தைக் கிறிஸ்துமஸோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே மருமகனே, தேடியது கிடைத்தது. மூன்று புத்தகங்களையும் நான் சொன்ன வரிசையில் படி. நவம்பர் 2 ஞாயிறு, காலைப் பூசையில் உன் அப்பா பெயரைப் படிப்பார்கள். முடிந்தால் வா, முடியாவிட்டால் அங்கேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. புஷ்பமேரிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். மாதா உங்கள் வீட்டுக் கூரையின்மேல் தன் முக்காட்டை விரித்துக் காக்கட்டும். உன் அம்மா தன் ஆசீர்வாதத்தோடு, பெங்களூர்க் குளிருக்குப் பிள்ளைகள் தலையில் துணி கட்டவேண்டும் என்றும் எழுதச் சொல்கிறாள்.

உன் மேல் மாறாத அன்புள்ள மாமன்,
கஸ்பார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்தேன். மேலே எழுதியதில் உன் அம்மாவின் முட்டியும் என் சளியும் நடந்த பேச்சுகளும் சரி. புத்தகங்களில் உள்ளதும் சரி. டேங்க் மட்டும் பொய். அது நான் சொன்ன பொய்.

அன்று பஸ் ஸ்டாண்டில் வெங்கடாசலம் டேங்க் என்ற வார்த்தையே சொல்லவில்லை. தீவின் பெயர், தேதி, நேரம் எல்லாம் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். உன் அப்பா வயிற்றுப்போக்கில் இறந்தார். ரபால் என்ற ஊர். நான் டிசம்பர் 26 என்று சொன்ன அதே தீவின் மறு கோடி, நடுவில் இங்கிருந்து மெட்ராஸுக்குப் போவதைவிட அதிகத் தூரம். யுத்தம் முடியும்வரை அங்கே ஒரு டேங்க்கும் கடலிலிருந்து ஏறவில்லை. வேண்டாம் என்று சொன்னேனே 112 முதல் 130 வரை, அது அந்த ஊர்தான். நானும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கங்களைப் படிக்காமல் தாண்டித்தான் போனேன்.

"எனக்குத் தைரியம் இல்லீங்க, வூட்டுல நீங்களே சொல்லிருங்க" என்று வெங்கடாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையில் கனகாம்பரம். "பாத்தியா? என்னா சொன்னாரு?" என்றாள். கடலிலிருந்து டேங்க் ஏறுகிற படம் ஒன்று எங்கள் ஆபீஸ் மேசையில் அந்த வாரம் முழுவதும் கிடந்தது. அதைச் சொன்னேன். ஒரு நாள் தள்ளிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. சந்தையில் அக்கா கேட்டபோது வெங்கடாசலமும் அவள் தலையில் பூவைப் பார்த்திருப்பார், அதனால் என் டேங்க்கையே ஆமோதித்துவிட்டார். பிறகு நான் அந்தப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தது, சொன்னது எங்கேயாவது உண்மையாக இருந்துவிடாதா என்றுதான்.

அவளுக்கு அந்தக் கிறிஸ்துமஸைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று இன்று காலைவரை இருந்தேன். பூசையில் அவள் எனக்கு முன்வரிசையில் முழந்தாளிட முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டாள். இனி ஒவ்வொரு வருஷமும் தவறான நாளில் ஒருசந்தி இருப்பாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நவம்பர் 1 சனிக்கிழமை காலை பஸ்ஸிலேயே வந்துவிடு. நான் அவளிடம் தனியாகச் சொல்ல மாட்டேன். 1946-ல் இருந்த மாதிரி எனக்கு இன்னும் பத்தொன்பது வயதுதான் என்று வைத்துக்கொள். சொல்லி முடித்ததும் நீயும் நானும் செபாஸ்டினிடம் போய், பென்சிலை அழித்துவிட்டு மையில் எழுதச் சொல்லுவோம்: 1943 ஆகஸ்ட் 2.

புத்தகங்களைப் படிக்க வேண்டாம். உன் அப்பா அவற்றில் இல்லை. என் 1946 குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு நான் சொல்லக்கூடிய படிப்பு இது ஒன்றுதான். பென்சில் மங்கியிருக்கிறது, வெளிச்சத்தில் வைத்துப் பார். வெங்கடாசலம் சொன்னதை அப்படியே, அவர் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். முதல் ஆறு வரியில் ஊர், நோய், மழையில் புதைத்த இடம். ஏழாவது வரியிலிருந்து அக்காவுக்கு நீயே படித்துக் காட்டு:

"அன்னிக்கு ஆடிப் பதினெட்டுங்க. ஒகேனக்கல்லுல கூட்டம் நெறஞ்சிருக்கும்னு பேசிக்கிட்டு இருந்தாரு. புள்ள பொறந்துதா, ஆணா பொண்ணா, ஒண்ணும் தெரியாதுங்க அவருக்கு. ஆனா பையன்னே முடிவு பண்ணி இஞ்ஞாசின்னுதான் சொல்லுவாரு. சாயங்காலம் என்னையக் கூப்பிட்டு, இஞ்ஞாசி இந்நேரம் நடப்பான் இல்ல வெங்கடாசலம்னு கேட்டாரு. நடப்பானுங்கன்னு சொன்னேன்."